தூக்க முடிந்த கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். சுகம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். திட்டு, ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

என் தோள்பட்டை சரியாகிவிட்டது. நேற்று இன்று இல்லை, சரியாகிக் கொஞ்ச நாளாகிறது.

ஆரம்பத்தில் பட்ட பாடு பொய்யில்லை. முதுகுப் பக்கக் கொக்கியை மாட்ட முடியாது. கத்தரிக்கோலைப் பிடித்தால் உயிர் போகும். வலிக்கிற கையை ஆட்டக் கூடாது என்று நானே ஒரு துணியைக் கழுத்தில் கட்டிக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். தையல்காரி அல்லவா, அதற்கு ஓரம் வேறு அடித்திருந்தேன். பிசியோதெரபி செய்கிற பெண் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அசைக்காம வச்சதாலதாம்மா இன்னும் இறுகிப்போச்சு" என்றாள்.

சூடாக ஒத்தடம் கொடுப்பாள். பிறகு என் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவாள். நான் தாங்குகிற அளவுக்குத்தான், அதற்கு மேல் போக மாட்டாள். வீட்டில் சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். கதவுக்கு மேல் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து இந்தக் கையைத் தூக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் செய்தேன். மெல்ல வலி குறைந்து ராத்திரி தூக்கம் வந்தது. விரல்கள் சுவிட்சைத் தாண்டின, காலண்டரைத் தாண்டின.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முன்பெல்லாம் வேலை வேலை என்று எப்போதாவது பேசுகிற நீ, தினமும் சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்திருந்தாய். வீடியோ காலில் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி நீ கேட்டபோதெல்லாம் பாதியில் நிறுத்தி முனகினேன். கை தூக்க வராததால் அப்பாதான் எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார், அதை இழக்கவும் மனசில்லை. வகிடு கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் என் தலையைத் தொட்டது இப்போதுதான்.

முந்தாநாள் நீ, வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? உள்ளுக்குள் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் செய்கிற காரியமா இது?

நேற்று கடையில் மேல் தட்டிலிருந்த துணிச் சுருளை அந்தக் கையாலேயே இழுத்து எடுத்தேன். திரும்பினால் வாசலில் அந்த பிசியோதெரபிப் பெண், தைக்கத் துணி கொண்டுவந்திருந்தாள். பாவம், அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உனக்கு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் அப்பா. காலையில்தான் எனக்குப் பின்னல் போட்டுவிட்டிருந்தார். அவளை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தார். பிறகு, "அவ வேலைய விடறதுக்குள்ள சொல்லிடு" என்றார். இன்று காலை சீப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வேலையை விடாதே. ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கிக்கொள். அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்றே சொல், எனக்கு அது வேண்டியதுதான். என் கையைப் பார்த்துக்கொள்ள இனி யாரும் வர வேண்டாம்.

கைக்காக வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு வலியும் இல்லாத நாளிலும் ஒரு தடவை கூப்பிடு, கண்ணு.

வெட்கத்துடன்,
உன் அம்மா