ஹூப்ளிக்கு விழுந்த சைபர்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

எங்கள் சேல்ஸ் மேனேஜர் மூர்த்திக்கு தினமும் ரிப்போர்ட் போட்டு அலுத்துப்போய்த்தான், அவரே பார்த்துக்கொள்ள கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தேன். இன்று முதல்முறை உட்கார்ந்தார். மௌஸால் கிளை ஆபீஸ்களின் பெயர்களை இழுத்துப் போட்டதும் விற்பனை வரைபடம் வந்தது. குழந்தை மாதிரி சிரித்தார். அடுத்த நிமிடமே ஹூப்ளி கிளை மேனேஜருக்குப் போன் போட்டார்.

"என்ன செல்வம், இந்த மாசம் ஒண்ணுகூட விக்கலையா? பூட்டிட்டு வீட்டுக்குப் போய்யா!"

அவர் போனை வைத்ததும் நான் சொன்னேன்: "சார், அது சைபர் இல்ல. ஹூப்ளி கணக்கை சி.டி.ல போட்டு பஸ்ல அனுப்புவாங்க. இன்னும் வரல."

"அப்புறம் ஏன்யா சைபர் காட்டுது?"

"நான் ரிப்போர்ட் போடறப்போ அது வர்ற வரைக்கும் காத்திருப்பேன் சார்."

"அதை இந்த ஸ்கிரீனுக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

மூர்த்தி உடனே மறுபடி கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு ஆபீஸ் மூடும்வரை நானும் விடாமல் கூப்பிட்டேன். செல்வம் நிஜமாகவே பூட்டிவிட்டுப் போய்விட்டார்.