நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு

ரோம், ஜூன் 9, 1981

அன்பு மகள் ஒர்னெல்லாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அடிலெய்டில் நீயும் உன் கிரேகும் அப்படியே இருக்க வேண்டும். நம் குடும்ப வரலாற்றில் குறித்து வைக்கவேண்டிய ஒரு முடிவை முதலில் தெரிவிக்கிறேன். உன் அப்பா நெடிய ஆலோசனைக்குப் பிறகு மீசையை எடுத்துவிட்டார். வில்லன் வேடத்தில் எத்தனை கன்னியாஸ்திரிகளைக் கடத்திய மீசை அது! கீழே வாசல் பார்க்கும் யோலே, "என்னம்மா, சாத்தானுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். காரணம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்லவன் வேடம் வந்தது. குழந்தை பிழைத்துவிடும் என்று ஒரு தாயிடம் சொல்லும் டாக்டர். ஒரே காட்சிதான், ஆனால் அந்தக் கூலியில் உன் கல்யாணத்துக்கு ஒருவர் விமானத்தில் வந்துவிடலாம். அது அப்பாதான் என்று முடிவு செய்திருந்தோம்.

உனக்குத் தெரியாததல்ல, இங்கே வில்லன்கள் படப்பிடிப்பில் வசனம் பேசுவதில்லை, குரலைப் பிறகு வேறொருவர் கொடுத்துவிடுவார். உதடு அசைவதற்காக அப்பா எண்களைச் சொல்வார். அவர் பல்லைக் கடித்து "முப்பத்தேழு" என்றால் கதாநாயகி நிஜமாகவே மயங்கி விழுவாள். இந்தப் புது இயக்குநரோ பேச்சையும் அங்கேயே பதிவு செய்கிறவர். அதனால் தினமும் சமையலறையில் ஒத்திகை. நான் கரண்டியும் கையுமாகத் தாயாக நின்றேன், ஒவ்வொரு தடவையும் அழுதேன்.

படப்பிடிப்பு நாளும் வந்தது, காமிரா ஓடியது. அப்பா தாயாக நடித்த பெண்ணின் கையைப் பிடித்தார், கண் கலங்கியது, குரல் தழுதழுக்க "நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு" என்றார். விளக்குக்காரன் மேலிருந்து, "நாற்பத்திரண்டு டிகிரி காய்ச்சலா? அப்போ பிள்ளை பிழைக்காது டாக்டர்!" என்று கத்தினானாம். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் எண்கள்தான். மதியத்துக்குள் அறுபதைத் தாண்டிவிட்டார். இயக்குநர் நல்ல பையன், "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க" என்று சொல்லி, காரில் அனுப்பி வைத்தார். வந்ததிலிருந்து அப்பா என்னிடமும் அதிகம் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுகிறார். டாக்டர் வேடத்தை வேறொருவர் நடித்து முடித்துவிட்டார்.

அந்த ஊரில் இப்போது குளிர்காலமாமே, காதை மூடிக்கொள். கிரேகை வேளைக்குச் சாப்பிட வை. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கல்யாணத்தன்று கோயிலில் அப்பாவுக்குப் பதிலாக உன்னைக் கைபிடித்து அழைத்துப் போக உன் மாமனாரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடு.

அம்மா,
எல்வீரா