கொறங்காட்டுக்கு இரண்டு குரல்

நாள் 1112. காலை 6.10. வெப்பம் 41.
எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, இயந்திரங்களை நடத்தும் நிலையத்துப் பெட்டி எழுதிக்கொள்கிறது. வேலப்பன், வயது எண்பத்தொன்று. எங்கள் கொறங்காட்டை, இந்த மேய்ச்சல் காட்டை, பழையபடி ஆக்கும் வேலை. கொழுக்கட்டைப் புல் பதினாறு ஏக்கரில் பிடித்துவிட்டது. களையெடுக்கும் இயந்திரங்கள் நான்கும் ஓடுகின்றன. எனக்குப் பத்து வயதில் காடு எப்படி இருந்தது என்று பெட்டிக்குப் பதினோரு நாள் சொன்னேன்; எந்த வெள்வேல மரம் எங்கே, கிளுவை வேலி எத்தனை முழம் என்பதுவரை. அதில் இல்லாதது எதுவானாலும் இயந்திரம் பிடுங்கும். திருத்த வேண்டுமானால் காட்டுக்காரர் இருவர் ஒரே நாளில் குரல் கொடுக்க வேண்டும். நாங்களே போட்ட விதி. அடுத்த காட்டு அர்த்தநாரி வேலியைத் தள்ளிவிடுவான் என்று நான் பயந்தேன். அவனும் அப்படியே. மற்றவர்கள் தண்ணீர் தேடி வடக்கே போய்விட்டார்கள். இருப்பது நாங்கள் இருவர்.

நாள் 1119. காலை 9.40. வெப்பம் 43.
என் மனைவி துளசியைப் புதைத்த இடத்தில் நான் வைத்த வேம்பைப் பிடுங்கிவிட்டது. பிழை இல்லை. எனக்குப் பத்து வயதான வருசம் அது கிடையாது. குடிசையும் தண்ணீர்த் தொட்டியும்கூடக் கிடையாது. திருத்தத்துக்குக் குரல் கொடுக்கச் சொல்லி அர்த்தநாரியை வானொலியில் கூப்பிட்டேன்.
"ஏன் மாப்ள, உம்பட வேலி எங்காட்டுக்குள்ள ஒரு முழம் நொழஞ்சு கெடக்குது. அதைப் பின்னால இழுக்கறேன்னு சொல்லு, அப்புறம் வாயத் தொறக்கறேன். எழுபது வருசம் பொறுத்தவன், இன்னும் ரெண்டு நாள் பொறுக்க மாட்டனா?"
சிரித்தான். நான் அணைத்துவிட்டேன்.

நாள் 1121. மதியம் 12.05. வெப்பம் 44.
தொட்டி போய்விட்டது. ஒரு முழம் விட்டுத் தருகிறேன் என்று சொல்லக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நடந்து போனேன். கட்டிலில் கிடந்தான், செத்து ஒரு நாள் இருக்கும். புதைத்தேன். நான் திரும்பும்போதே இயந்திரம் வந்து அந்த மேட்டைச் சமன் செய்தது.

நாள் 1122. காலை 7.30.
அவன் பேசிய பதிவைப் போட்டுக் காட்டினேன். "நாள் பழையது" என்றது பெட்டி. அவனைப் போலவே பேசிப் பார்த்தேன். "ஒரே குரல்" என்றது. தண்ணீர் அரைக் குடம் இருக்கிறது.

நாள் 1124. மாலை 4.15.
கூரை போய்விட்டது. பெட்டியோடு வெள்வேல மரத்தடியில் இருக்கிறேன். புல் முழங்கால் உயரம். காடை கத்துகிறது. காடு சரியாக வந்திருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது.

4.40.
இயந்திரம் எதிரில் நிற்கிறது. பெட்டி வழியாகக் கேட்டது:
"பத்து வயதுப் பையன் ஒருவன், ஆடு நாற்பத்திரண்டு. கிழவர் யாரும் சொல்லப்படவில்லை. சரியா?"
சரியில்லை. என் அப்பாரு, அப்பனைப் பெற்றவர், இருந்தார். இதே மரத்தடியில், காலை நீட்டிக்கொண்டு, நாளெல்லாம். பதினோரு நாளில் மரம் மரமாகச் சொன்னேன். அவரைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள். ஒரு கிழவர் இருந்தார்.

4.41.
"திருத்தம் பெறப்பட்டது. இரண்டாவது குரலுக்குக் காத்திருக்கிறது."

4.42.
"வேலை தொடர்கிறது."