மாமா சதுரங்கத்தில் தோற்கத் தொடங்கிய பிறகு

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா நலம். என் நலத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்று தோன்றுவதால் அந்த வரியை இந்தத் தடவை காலியாக விட்டிருக்கிறேன்.

மூன்று ஞாயிறாக உன் மாமா சதுரங்கத்தில் என்னிடம் தோற்கிறான். பதினெட்டு வருஷமாக ஒரு ஆட்டம் விட்டுக்கொடுக்காதவன், ராணியைக் கொண்டுவந்து என் குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்துவிட்டு, "இன்னைக்கு உங்க பக்கம்தான் ராசி அத்தான்" என்கிறான். அப்போதுதான் எனக்கு முதல் சந்தேகம். அடுத்தது உன் அம்மா. கண் டாக்டரிடம் போகிறேன் என்று இரண்டு வாரத்தில் நான்கு முறை போய்விட்டாள். மூக்கின்மேல் அதே பழைய கண்ணாடி, அதே கீறல். சாப்பாட்டில் உப்பில்லை என்றால் பேசாமல் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைக்கிறாள். முப்பத்தேழு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

மூன்றாவது நீ. உன் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று எட்டு வருஷமாகக் கேட்டும் "உங்களுக்குப் புரியாதுப்பா, விடுங்க" என்றவள், போன வாரம் போனில் நாற்பது நிமிஷம் மைக்ரோ ஆர்என்ஏ பாடம் நடத்தினாய். அலுவலகத்தில் முப்பது வருஷம் தபால் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்குப் புரிந்தது. செல்லுக்குள் 'இதைச் செய்' என்று ஒரு உத்தரவு போகிறது. மைக்ரோ ஆர்என்ஏ என்கிற இந்தப் பொடிச் சீட்டு போய் அதில் ஒட்டிக்கொண்டால் உத்தரவு முடங்கிவிடும். எங்களிடமும் 'நிறுத்திவைக்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு உண்டு. அதைக் குத்திவிட்டால் மேலதிகாரியின் கையெழுத்தும் செல்லாக்காசுதான். வளரச் சொல்லும் உத்தரவுக்கு இந்தச் சீட்டு குறைந்தால் கட்டி வளரும், வளர்ச்சியை அடக்கச் சொல்லும் உத்தரவின்மேல் சீட்டு கூடினாலும் வளரும், சில சீட்டுகள் பொடிப் பைகளில் ஏறி ரத்தத்தோடு போய், தூரத்து உறுப்பில் கட்டிக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கும் என்றாய். கடைசியில், "பரவியிருந்தாலும் இப்பல்லாம் பயப்பட வேண்டியதில்லப்பா" என்றாய். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

உன் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று முடிவு கட்டினேன். இருமுகிறாளா, இளைக்கிறாளா என்று இரண்டு நாள் அவளையே கவனித்தேன். "என்ன அப்படிப் பாக்குறீங்க, கல்யாணத்துக்கு முன்னாடி பாத்திருக்க வேண்டியது" என்றாள். நேற்று அவள் கண் டாக்டரிடம் கிளம்பியதும் தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு பரிசோதனைக்கூட உறை. அதன்மேல் என் பெயர், என் வயது அறுபத்தெட்டு. இரண்டு மாதம் முன்பு என் முதுகில் கட்டியை வெட்டி எடுத்த டாக்டர், "வெறும் கொழுப்புதான் சார், மறந்துடுங்க" என்றார் அல்லவா, அது கொழுப்பு இல்லையாம். அதற்குப் பிறகு இன்ஷூரன்ஸுக்கு என்று சொல்லி என்னை ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரனுக்கு எவன் புதிதாக இன்ஷூரன்ஸ் கொடுக்கிறான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஊரெல்லாம் சந்தேகப்படுகிறவன், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டு படுத்திருக்கிறேன். அந்தப் படத்தின் முடிவு உறையில் இல்லை. உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

உறையை இருந்த மடிப்பிலேயே மடித்து, அதே நூல்கண்டை மேலே வைத்துவிட்டேன். தபால் பிரிவுக்காரன் திறந்த உறையில் தடம் இருக்காது. உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் நான் எத்தனையோ தபாலை நிறுத்திவைத்திருக்கிறேன், உரியவனுக்குத் தெரிவிக்காமல் ஒன்றைக்கூட நிறுத்தியதில்லை. எனக்குத் தெரியும் என்று உன் அம்மாவிடம் சொல்லாதே. பொய் அவளுக்குப் பழக்கமில்லை, பாவம், இப்போதுதான் சரளமாக வருகிறது.

பதில் எழுத வேண்டாம்; வருகிற தபாலை அவள்தான் பிரிக்கிறாள். ஞாயிறு போன் செய்யும்போது, பரவவில்லை என்றால், மாத்திரை போட்டீர்களா, குடையில்லாமல் ஏன் போனீர்கள் என்று வழக்கம்போல் ஐந்து நிமிஷம் திட்டிவிட்டு வைத்துவிடு. அன்பாகப் பேசினால் நான் புரிந்துகொள்வேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன் மாமாவிடம் மறுபடியும் தோற்க ஆசைப்படும்,
அப்பா