வாரம் ஒரு போன்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

தொற்றுக்காக வழியெல்லாம் அடைத்திருக்க, நீ எப்படி வருவாய்? அப்பாவை அடக்கம் செய்தாகிவிட்டது, அழாதே. உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

மூளைக் கட்டியை எடுக்க ஆஸ்பத்திரியில் அவர் தலையை மழித்த அன்றே, அவசர ஆபரேஷன் மட்டும்தான் என்று உத்தரவு வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாராவாரம் நர்ஸ் போனில் கேட்பாள்: "வாந்தி, தலைவலி இருக்காம்மா?" ரொம்ப முடியாதவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அப்பா பக்கத்தில் நின்று கையை ஆட்டுவார்.

"காய்ச்சல்காரங்களோட படுக்க வெச்சிடுவாங்கடி. நல்லா இருக்கேன்னு சொல்லு."

சொன்னேன். காலையில் அவர் எடுத்த வாந்தியைத் துடைத்த கையோடு சொன்னேன்.

அடக்கம் முடிந்தபின், நேற்று மறுபடி போன். "ஆபரேஷனுக்குத் தேதி கிடைச்சிடுச்சும்மா. ஐயா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்காரும்மா" என்றேன். வாய் பழகிவிட்டது.

வியாழக்கிழமை காலை ஏழு மணியாம். அந்த இடம் வேறு யாருக்காவது ஆகட்டும், நீ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

உன் அம்மா