ஜெசிந்தாவுக்கு ஒரு தோழி

குனோங் ராபாட், ஈப்போ.

அன்பு மகள் சமந்தாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உன் மகள் ஜெசிந்தாவும் சுகமாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் சொல்கிறோம். யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே, இது என் கைதான். எழுபத்தொரு வயது வரை கைநாட்டு வைத்தவன், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாம் ஆண்டுப் பாடம் கேட்டுக் கேட்டே எழுதப் பழகிவிட்டேன். இந்தத் தாள் பாதி நிறைவதற்குள் மூன்று தடவை தேநீர் குடித்தாகிவிட்டது. போனில் சொன்னால் பிள்ளை பக்கத்தில் நிற்பாள், இது அவள் காதில் விழக்கூடாத செய்தி.

நோய்த் தொற்றுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து பாடம் எல்லாம் கைப்பேசியில்தானே. பாட நேரத்தில் அதை மைலோ டின்னில் சாய்த்து வைத்துவிட்டு நானும் ஜெசிந்தாவும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். நித்யகல்யாணி டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள், நான்தான் பதில் சொல்வேன். "அங்கிள், நீங்க இல்ல லா, ஜெசிந்தா சொல்லட்டும்" என்று டீச்சர் சொல்லாத நாள் இல்லை. பள்ளிக்கூடத்தை அவள் நேரில் பார்த்தது சில வாரம்தான், மற்றப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. உனக்கு அது பெரிய கவலை. எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், அது சுகமாக இருந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது விடியுமுன்னே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விடுவேன், என் சட்டையை இப்படிப் பிடித்துக்கொள்ள உனக்கு நான் கிடைத்ததே இல்லை.

போன மாதம் டீச்சர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, பாடம் முடிந்ததும் கால் மணி நேரம் போனில் முகம் பார்த்துப் பேசச் சொன்னார். நம் பிள்ளைக்கு வாய்த்தவள் தினேஸ்வரி, நமக்கு இரண்டு வரிசை தள்ளி இருக்கும் வீடு. முதல் வாரம் இருவரும் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒருநாள் அவள் பல் விழுந்த இடத்தைக் காட்டினாள், இவள் தன் ஆடுகிற பல்லைக் காட்டினாள், அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. நானும் வாயைத் திறந்து எனக்கும் பல் இல்லை என்று காட்டினேன், ஒருவரும் பார்க்கவில்லை. "தாத்தா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள் உன் மகள்.

வயிறு எரிந்தது மகளே, ஏழு வயதுப் பிள்ளை மேல். மூன்று நாள், பாடம் முடிந்த உடனே வைஃபை வயரைப் பிடுங்கிவிட்டு லைன் இல்லை என்று சொன்னேன். ஜெசிந்தா மறுபடி என்னோடு ஒட்டிக்கொண்டாள், நானும் பூரித்துப் போனேன். நான்காம் நாள் டீச்சரே கூப்பிட்டு, "அங்கிள், அவ இந்த வருஷம் வாயத் திறந்ததே தினேஸ்வரிகிட்ட மட்டும்தான், கொஞ்சம் லைனப் பாருங்களேன்" என்று கெஞ்சினார். பக்கத்தில் நின்ற உன் அம்மா அந்த வயரை எடுத்து என் மடியில் போட்டு, "பேத்திக்கு ஏழு வயசு, உங்களுக்கு எத்தன?" என்று கேட்டாள். வயரை நானே எடுத்துத் திரும்பச் செருகினேன்.

இப்போது வீட்டுக்கு வீடு போக விட்டிருக்கிறார்கள். நேற்று நானே அவளைத் தினேஸ்வரி வீட்டுக்கு அழைத்துப் போனேன். கேட்டில் அந்தக் குடும்பமே நின்றது. பின்னால் வந்து ஒளிவாள் என்று நான் கையை விரித்தே வைத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லார் முன்னாலும் சத்தமாக, "தாத்தா, நீங்க வீட்டுக்குப் போங்க, நாங்க பேசணும்" என்றாள். வெளியார் முன்னால் அவள் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது. பாதி வழியில் எனக்குச் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்து பெஞ்சைப் பார்த்ததும் மறுபடி எரிந்தது.

வேளைக்குச் சாப்பிடு, எல்லை திறந்ததும் ஓடி வா. புனித அந்தோணியார் உன்னைக் காப்பார். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் தினேஸ்வரியைப் பற்றித்தான் சொல்வாள், முழுதும் கேள். முடித்ததும் தாத்தா எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. நான் கேட்கச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
ச. ஆம்புரோஸ்