பின்சக்கரத்துக்கு இருபது போதும்

அக்கா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடு.

உன் மூன்று சக்கர பைக் "தூக்கித் தூக்கிப் போடுதுடா" என்று நீ சொன்னபோது, "உனக்குப் பயம், அதான்" என்று என் பட்டறையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நீ ஊன்றுகோலோடு பஸ்ஸுக்கு நிற்கிறாய். நேற்று நானே ஓட்டிப் பார்த்தேன். முதல் பள்ளத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வண்டி இரண்டு சக்கரமாக இருந்தபோது கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துப் பின்னால் முப்பத்தாறு பவுண்டு காற்று அடித்திருக்கிறேன். இப்போது அதே எடையைப் பின்னால் இரண்டு டயர் சுமக்கிறது, இருபதே போதும். இறக்கிவிட்டேன்.

தம்பி

சொல்ல மறந்தது: சாவியோடு காற்று மீட்டரும் இருக்கிறது. கிளம்பும் முன் நீயே அளந்துகொள். நான் சொல்கிறேன் என்று நம்பிவிடாதே. நீ சொன்னதை நான் நம்பினேனா என்ன?